மூன்று டேப்பில் ஒன்று

உ
நல்லாம்பட்டி, திண்டுக்கல்
14-8-1958

பம்பாயில் இருக்கும் அன்புள்ள மாமாவுக்கு அய்யம்மாள் எழுதுவது. இங்கே நானும் பட்டறையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மில்லும் சுகமாக இருக்க மலைக்கோட்டை அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் பக்கம் பக்கமாகப் பம்பாய் மழையைப் பற்றி எழுதிவிட்டு, மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு சேதி எழுதியிருந்தீர்கள். சித்திரைக்குள் பட்டறை தன் காலில் நிற்காவிட்டால் உங்கள் அண்ணன் அதைப் புகையிலைக் கிட்டங்கியாக எடுத்துக்கொள்ளலாம், நான் மூட்டை கட்டிக்கொண்டு பம்பாய் வந்துவிட வேண்டும், அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று. வாக்குக் கொடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டறை உங்கள் அய்யாவுடையதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ரயில் ஏறிய நாளிலிருந்து அதைத் தினமும் திறந்து கூட்டித் தண்ணீர் தெளித்து அரம் பிடிப்பவள் நான். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபந்தான், ஆனால் கொஞ்சந்தான்.

இப்போது நல்ல சேதி. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் மணியகாரர் போன வாரம் நம் வாசலில் வந்து நின்றார். உண்டியலுக்குப் புதுப் பூட்டு வேண்டுமாம். பழைய பூட்டை ரிவிட் அடித்து மூடியிருக்கிறார்கள். உள்ளே சாவிக்கு நகரும் ஒரு லீவர் தகடு தேய்ந்தாலும் பூட்டையே உடைக்க வேண்டியிருக்கிறது. பின்தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கிய பூட்டாக வேண்டும், கழற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்கிறார். ஊரில் மற்ற பட்டறைக்காரர்கள் ரிவிட்தான் எங்களுக்குப் பழக்கம் என்று கைவிரித்துவிட்டார்கள். நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நம் பட்டறையில் வேலை பார்க்கும் ஆண்டிச்சாமி அண்ணன் பயந்துபோய்க் கையிலிருந்த அரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

பூட்டுக்குப் பித்தளை கோயிலே கொடுத்திருக்கிறது. உடைந்த குத்துவிளக்கு, ஓட்டைச் செம்பு எல்லாம். கோயில் பித்தளைக்கு உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூட்டாகிற வரைக்கும் அது பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது. அரத்தால் ராவுகிற தூள்கூடத் திரும்பப் போய்ச் சேர வேண்டும். அதனால் மற்ற வேலைக்குச் செய்வதுபோல் மதுரை லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்பித் துளைக்குள் திருகாணி இறங்கும் மரை வெட்டி வாங்க முடியாது. நம் கூரைக்குள்ளேயே வெட்டியாக வேண்டும்.

அதற்கு டேப் என்று ஒரு கருவி இருக்கிறதாம். எஃகு, விரல் நீளம், உடம்பெல்லாம் பல். துளைக்குள் விட்டுக் கையால் திருகினால் அதுவே மரை வெட்டிக்கொண்டு போகும். லேத்துக்காரர் அதைக் கையில் வைத்து வெட்டும்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், என்னவோ புதையல் மாதிரி. பம்பாயில் சாமான் கடைகள் தெருத்தெருவாக இருக்கிறது என்று எழுதினீர்களே. கால் அங்குல டேப், நம் கணக்கில் இரண்டு நூல், அதைப் பிடித்துத் திருகும் கைப்பிடியோடு வாங்கி அனுப்புங்கள். இதுவரை உங்களிடம் சேலை கேட்டேனா, செருப்பு கேட்டேனா?

இப்படிக்கு உங்கள் அன்பு மனைவி
மொ. அய்யம்மாள்

*

தாராவி, பம்பாய்
20-9-1958

அன்புள்ள அய்யம்மாளுக்கு மொக்கைச்சாமி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அதை மில்லில் நம் பக்கத்து ஆட்களிடம் வாசித்துக் காட்டினேன். "ஏலே, உன் சம்சாரம் சேலை கேக்கல, டேப்பு கேக்குதா? மரை கழண்டு போச்சா அதுக்கு?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு நேரே சாமான் கடைத் தெருவுக்குத்தான் போனேன்.

ஒன்று கேட்கிறேன். திருகாணி போட்டால் திருடன் திருப்புளியோடு வர மாட்டானா? பெருமாள் உண்டியலைத் திறந்து போட்ட மாதிரி ஆகிவிடாதா? இதையெல்லாம் யோசித்தாயா?

டேப் வாங்கிய கதையைக் கேள். கடைக்காரன் குஜராத்தி. ஒரு சின்ன மரப்பெட்டியைத் திறந்து மூன்று டேப்பைக் காட்டினான். மூன்றும் அதே கால் அங்குலம், அதே நீளம். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கி மடக்கி என்னவோ சொன்னான், மூன்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம். நம்மிடமா? ஒரே அளவுக்கு எதற்கடா மூன்று, ஒரு காலுக்கு மூன்று செருப்பு போடுவார்களா என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை, ஆனால் நான் ஏமாறுகிற ஆள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதிலும் பார், ஒன்று முனையில் பல்லே இல்லாமல் தேய்ந்த சரக்கு. இன்னொன்று பாதி தேய்ந்தது. மூன்றாவதுதான் நுனி வரைக்கும் பல் கூர்மையாக, புத்தம் புதுசு. அந்த ஒன்றை மட்டும் எடு என்று நின்ற இடத்திலேயே நின்றேன். பக்கத்துக் கடைக்காரன் வந்து சமாதானம் பேசி, கடைசியில் கொடுத்தான்.

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஜமால் முகமது பாய் இங்கே சரக்கோடு வந்திருக்கிறார். அவர் கையில் டேப்பும் கைப்பிடியும் கொடுத்தனுப்புகிறேன். திருகிப் பழகு, ஆனால் அதையே நம்பியிருக்காதே. இங்கே தாராவியில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு
ஆ. மொக்கைச்சாமி

*

உ
நல்லாம்பட்டி
6-11-1958

அன்புள்ள மாமாவுக்கு அய்யம்மாள் எழுதுவது. ஜமால் பாய் டேப்பைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தார். வருகிற தீபாவளிக்கு நீங்கள் இல்லை என்று வருத்தந்தான். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று வந்துவிட்டதால் அது பின்னால் போய்விட்டது.

முதலில் திருடனுக்குப் பதில். திருகாணித் தலைகளுக்கு மேலே ஒரு நகரும் மூடி வைத்திருக்கிறேன். சாவி போட்டுத் திறந்தால்தான் அந்த மூடி விலகும். பூட்டு பூட்டிக் கிடக்கும்போது திருடன் திருப்புளி இல்லை, கடப்பாறையே கொண்டு வந்தாலும் திருகாணி எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டே விடிந்துவிடும். இது என் சொந்த யோசனை. ஆண்டிச்சாமி அண்ணன் அந்த மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊருக்கே புதுசு தாயி" என்றார். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது, நீங்களும் பெருமைப்படும்படி எழுதுகிறேன்.

ஆயுத பூசைக்கு டேப்பைச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். விசயதசமி அன்றைக்குப் பூட்டு உடம்பை வைஸ் இடுக்கியில் இறுக்கி, முதல் துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டேப்பைக் கைப்பிடியில் மாட்டித் திருகினேன். அது கடிக்கவே இல்லை. துளையின் வாயில் நின்று வழுக்கியது. அழுத்தினேன், சாய்ந்துகொண்டு உள்ளே இறங்கியது. சரி, பிடித்துவிட்டது என்று சந்தோசத்தில் விடாமல் திருகினேன். மாமா, அது முறிந்த சத்தம் பெரிசாக ஒன்றுமில்லை. வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அளவுதான். ஆனால் நுனி உள்ளே நின்றுவிட்டது, மிச்சம் என் கையோடு வந்துவிட்டது.

அன்றைக்கென்று உங்கள் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கயிறு. புகையிலைச் சிப்பம் எத்தனை வரிசை அடுக்கலாம் என்று சுவரை அளந்து பார்க்க வந்தவர். "என்னத்தா, அம்புட்டுத்தானா? சரி, நீ அந்தப் பக்கம் செத்த நேரம் ஒதுங்கு, இந்த மூலையையும் அளந்துக்கிறேன்" என்றார். நான் ஒதுங்கவில்லை. வைஸைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் என்னைச் சுற்றிக் கயிறு பிடித்துவிட்டுப் போனார்.

ராத்திரி உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அந்தக் குஜராத்தி உங்களை ஏமாற்றவில்லை மாமா. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் சொன்னது மூன்று டேப்பையும் எந்த வரிசையில் விட வேண்டும் என்றுதான் இருக்கும். தேய்ந்த சரக்கு என்று நீங்கள் ஒதுக்கினீர்களே, அதுதான் முதலில் போவது. முனையில் பல்லை வேண்டுமென்றே சரித்து வைத்திருக்கிறான், துளைக்குள் நேராக நுழைந்து கொஞ்சங் கொஞ்சமாகக் கடிக்கட்டும் என்று. இரண்டாவது அதைப் பெரிசாக்கும். நுனி வரை பல் இருக்கிற மூன்றாவது, அடிவரை போய் முடிப்பதற்கு. நீங்கள் கடைசி ஆளை முதலில் அனுப்பிவிட்டீர்கள். நானும் அவனைப் போட்டு அழுத்திவிட்டேன்.

நம் பித்தளையாக இருந்தால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்வேன். இது கோயில் பித்தளை, ஒரு தடவைக்குத்தான் கணக்காகக் கொடுத்திருக்கிறார்கள். எஃகு மாட்டிக்கொண்டதை அப்படியே உலையில் போடவும் கூடாது. உளி வைத்துத் தட்டிப் பார்த்தேன், டிரில் போட்டுப் பார்த்தேன். எஃகு அசையவில்லை, டிரில்தான் மொட்டையானது. மணியகாரரிடம் தைக்குள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மிச்சம் இரண்டு டேப்பையும் வாங்கி அனுப்ப முடியுமா?

இப்படிக்கு உங்கள்
அய்யம்மாள்

*

தாராவி, பம்பாய்
22-11-1958

அய்யம்மாளுக்கு,

கடிதம் பார்த்தேன். கடைக்காரன் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும், அது அவன் தப்பு. அவனிடம் போய் நின்று, நீ சொன்னது சரி, மிச்சம் இரண்டையும் கொடு என்று கேட்க என்னால் முடியாது. தெருவே பார்க்கத்தான் அன்றைக்குச் சத்தம் போட்டேன்.

நீ முயற்சி செய்து பார்த்தாய், யாரும் குறை சொல்லவில்லை. கோயிலுக்கு மொக்கைச்சாமி வந்து பதில் சொல்வான் என்று சொல். அண்ணன் கேட்டால் கிட்டங்கிக்குச் சாவியைக் கொடுத்துவிடு. சித்திரை வரைக்கும் எதற்கு? தையிலேயே புறப்பட்டு வா. இங்கே நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பொழுது போய்விடும்.

உனக்கு உடம்பு இளைத்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

மொக்கைச்சாமி

*

உ
நல்லாம்பட்டி
2-2-1959

அன்புள்ள மாமாவுக்கு அய்யம்மாள் எழுதுவது. உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. கை ஒழியவில்லை. இன்றைக்குத்தான் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். இது சந்தோசக் கடிதம், கடைசி வரிக்குத் தாவாமல் நிதானமாக வாசியுங்கள்.

கார்த்திகையில் ஜமால் பாய் ஒரு பித்தளை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் இரும்புக் கைப்பிடி அரித்து நூலாகத் தொங்கியது. புதுக் கைப்பிடி போட்டுத் தரச் சொன்னார். ஏன் பாய் இப்படி ஆனது என்றேன். "தோலுக்குப் போடுற படிகாரத் தண்ணியில கிடந்துச்சும்மா. இரும்பைத் திங்குது, பித்தளையைத் தொட மாட்டேங்குது" என்று திட்டினார். யாரைத் திட்டினாரோ தெரியாது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டைப் பார்த்தேன். பூட்டு பித்தளை. உள்ளே மாட்டியிருப்பது எஃகு.

அவர் போனதும் அவர் ஷாப்புக்கே ஆள் அனுப்பி வாங்கிய படிகாரத்தை ஒரு மண்சட்டியில் கரைத்து, லீவரும் வில்லும் இல்லாத வெறும் பூட்டு உடம்பை அதில் முக்கித் தணலில் வைத்தேன். இரும்புச் சட்டி கூடாது, சட்டியையே தின்றுவிடும். கொதிக்க விடாமல் சூடு ஆறவும் விடாமல் பார்த்துக்கொண்டேன். ஆண்டிச்சாமி அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தாயி, பூட்டுக்கு ரசம் வைக்கிறியா?" என்றார். துளையிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. மூன்றாம் நாள் எடுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். டேப் நுனி இருந்த இடத்தில் கறுப்புச் சேறு கொட்டியது. துளை சுத்தமாக இருந்தது, பித்தளை நிறம் மங்கியதைத் தவிர ஒரு கீறல் இல்லை. மாமா, நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் கையில் இருந்த மிச்ச டேப். நுனி போனாலும் பல் பாதிக்கு மேல் இருந்தது. முதல் டேப் எப்படி இருந்தது என்று உங்கள் கண்தான் பார்த்திருக்கிறது, முனையில் பல் இல்லாமல் தேய்ந்தது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதே மாதிரி தேய்த்தால் என்ன? சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு விட்டு, சூடேறாமல், முனையைச் சரித்துத் தேய்த்தேன். நம் பழைய பித்தளைத் துண்டில் வெட்டிப் பார்த்தேன். நேராக நுழைந்தது. அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், சீவல் உடைந்து விழட்டும், மறுபடி அரைச் சுற்று. மதுரைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு செய்தது இதைத்தான்.

கோயில் பூட்டின் நாலு துளையிலும் அப்படியே முதல் வெட்டு வெட்டி முடித்தேன். ஆனால் துளை மறுபக்கம் திறக்காதது, சரிந்த முனை அதன் அடிவரை வெட்டாதே. மூன்றாவது டேப் வேண்டும். இருப்பதோ இது ஒன்றுதான். சரித்த பாகத்தையே தேய்த்துத் தள்ளிவிட்டால் நுனி வரை முழுப் பல் வந்துவிடும், மறுபடி மூன்றாவது டேப் ஆகிவிடும். ஆனால் அதற்கப்புறம் முதல் வெட்டு வெட்ட எதுவும் இருக்காது. தப்பினால் தப்பினதுதான். ஆண்டிச்சாமி அண்ணன், "தேய்க்காத தாயி, அம்புட்டும் போயிரும்" என்று கையைப் பிடித்தார். நான் தேய்த்துவிட்டேன். தேய்த்து, நாலு துளையையும் அடிவரை முடித்தேன். திருகாணி நாலும் விரலால் திருக உள்ளே போய் உட்கார்ந்தது. டேப்பில் இப்போது பல் கொஞ்சந்தான் மிச்சம். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

தைப் பூசத்துக்கு முந்தின நாள் பூட்டை உண்டியலில் மாட்டினார்கள். மணியகாரர் என் கையாலேயே பூட்டச் சொன்னார். அங்கே உங்கள் அண்ணனும் நின்றார். சாவியை வாங்கித் திறந்து பார்த்தார், மூடி விலகுவதைப் பார்த்தார், திருகாணியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் பட்டறைக்கு வந்து, "ஏத்தா, வடமதுரைப் பக்கம் வேற கிட்டங்கி பாத்திருக்கேன். அதுக்கு இதே மாதிரி பூட்டு செஞ்சு குடு" என்றார். சுவரை அளக்க வந்த கயிற்றை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், அதையும் எடுத்துக் கொடுத்தேன். உங்கள் வாக்கிலிருந்து உங்களை அவரே விடுவித்துவிட்டார்.

இன்னும் ஒரு குறை. பூட்டில் பேர் இல்லை. உங்கள் அய்யா காலத்திலிருந்து நம் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும், பூட்டு செய்த கை தன் பேரைத் தானே அடிக்காது, வீட்டிலிருந்து இன்னொரு கை அடிக்க வேண்டும். அவர் பூட்டுகளுக்கு நீங்கள்தானே அடிப்பீர்கள். எழுத்து உளி என் பெட்டியில்தான் இருந்தது. ஆண்டிச்சாமி அண்ணன் அடிக்கட்டுமா என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பேர் எங்கே என்று மணியகாரர் கேட்டார். அடிக்க வேண்டிய ஆள் பம்பாயில் இருக்கிறார், ஆடியில் உண்டியல் திறக்கும்போது அடித்துத் தருகிறோம் என்றேன். சிரித்துக்கொண்டு சரி என்றார்.

நான் பம்பாய் வரவில்லை மாமா. குழாய் பக்கத்தில் இருந்தாலும் வரவில்லை.

இப்படிக்கு
பூட்டுக்காரி அய்யம்மாள்

*

தாராவி, பம்பாய்
1-3-1959

என் அன்புள்ள அய்யம்மாளுக்கு மொக்கைச்சாமி எழுதுவது.

உன் கடிதத்தை முதலில் நான் மட்டும் வாசித்தேன். பிறகு அன்றைக்குச் சிரித்த ஆட்களை உட்கார வைத்து வாசித்தேன். படிகாரம் வந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். டேப்பைத் தேய்த்துத் தள்ளின இடத்தில் மொட்டைத்தலை வடமதுரை ஒச்சப்பன், "ஐயையோ தேச்சுருச்சா!" என்று எழுந்தே நின்றுவிட்டான். என் பெண்டாட்டி என்று எல்லாரிடமும் சொன்னேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்தில் நான் நிமிர்ந்து நடந்த நாள் அதுதான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் குஜராத்தி கடைக்குப் போனேன். தெருவே பார்க்கட்டும் என்று, கையால் முறிகிற மாதிரி காட்டி, மூன்று விரலை நீட்டி, நீ சொன்னதுதான் சரி என்று காதைப் பிடித்துக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். பிரித்த பெட்டி மூலையில் அப்படியே கிடந்தது. முதலாவதும் இரண்டாவதும் வாங்கிவிட்டேன். நீ தேய்த்ததற்குப் பதிலாக மூன்றாவதும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பட்டறையில் எனக்கு வேலை இருக்கிறதா? முதலாளியாக இல்லை. நீ சொல்கிற வேலை. எனக்கு அரம் பிடிக்கும் கை இன்னும் மறக்கவில்லை. மரை வெட்ட நீதான் பழக்க வேண்டும். மில்லில் கணக்கு முடிக்கச் சொல்லலாமா என்று ஒரு வரி எழுது, அதுவரை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பேர் அடிக்க வேறு யாரையும் தொட விடாதே. அய்யா பேரை அடிப்பதா, என் பேரை அடிப்பதா என்று நீ எழுதவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. அய்யம்மாள் என்று முழுசாக அடிப்பேன். கீழே இடம் இருந்தால் திண்டுக்கல் என்று அடிப்பேன்.

உன்
மொக்கைச்சாமி

*

உ
நல்லாம்பட்டி
18-3-1959

என் மாமாவுக்கு அய்யம்மாள் எழுதுவது.

கணக்கை முடியுங்கள். வேலை இருக்கிறது. உங்கள் அண்ணன் கிட்டங்கிப் பூட்டைப் பார்த்துவிட்டு மற்றப் புகையிலைக்காரர்களும் கேட்கிறார்கள், நானும் ஆண்டிச்சாமி அண்ணனும் மூச்சு விட நேரமில்லாமல் கிடக்கிறோம். வந்ததும் முதல் மாதம் உங்களுக்கு அரம். டேப் கைப்பிடியை நான் கொடுக்கும்போதுதான் தொட வேண்டும். முறித்தால் படிகாரச் சட்டிக்குப் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார வேண்டும்.

பேர் அடிப்பதற்கு உங்கள் கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். மில்லில் ஏதாவது தகரத்தில் ஆணியை வைத்துத் தட்டிப் பழகிக்கொண்டு வாருங்கள். என் பேரில் இரட்டை எழுத்து நிறைய வருகிறது. அது கோணலாக விழக் கூடாது, ஊரே பார்க்கப் போகிறது.

ஜமால் பாய் மறுபடி சரக்கோடு அங்கே வருகிறார். அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். பட்டறைக் கதவுக்குப் புதுப் பூட்டு செய்து மாட்டியிருக்கிறேன், இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் மாறி ஏறி வரும் பாலக்காட்டு ரயில் வண்டி நேரங்கெட்ட நேரத்தில்தான் வரும். நான் தாடிக்கொம்பில் இருந்தாலும் இருப்பேன், யாரையும் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். நீங்களே திறந்து உள்ளே போய், வைஸ் பக்கத்துப் பானையில் தண்ணீர் இருக்கும், குடித்துவிட்டு உட்காருங்கள்.

அய்யம்மாள்